விற்கும்போது கடை பிரதான வீதியில், பழுதானால் கொழும்பில்

கடற்கரைவீதியான்:

திருகோணமலைக்காரர்கள் கொஞ்சம் வாருங்கள். ஒரு விஷயம் கேட்க வேண்டும், கூடவே கொஞ்சம் புலம்பவும் வேண்டும்.

போன வருஷம் டவுனில் ஒரு பெரிய காட்சியறையில் 43 அங்குல ஸ்மார்ட் ரிவி எடுத்தோம். மூன்று வருஷ வாரண்டி என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருந்தது. இப்போது திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. முதலில் ரிவி சூடானதும் மறைந்துவிடும். இப்போது மறைவதே இல்லை, செய்தி வாசிப்பவரின் மூக்கை இரண்டாகப் பிளந்துகொண்டு நிற்கிறது.

காட்சியறைக்குப் போனேன். காசு வாங்கும்போது தேத்தண்ணீர் தந்த அதே தம்பி, "அண்ணா, இது கம்பனி வாரண்டி, எங்களுடையது இல்லை, இந்த நம்பருக்கு எடுங்கோ" என்று ஸ்டிக்கரைக் காட்டினார். எடுத்தால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்து வந்தவர் சிங்களத்தில், தமிழ் கதைக்கிறவர் இப்போது இல்லை, பிறகு எடுங்கள் என்றார். எனக்குச் சிங்களம் ஓடும், சமாளித்தேன். அம்மா எடுத்திருந்தால் அந்தப் பாட்டோடு சரி.

கடைசியில் சொன்னது இதுதான்: ரிவியைக் கொழும்புச் சேவை நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுபோகிற செலவு நம்முடையது. வழியில் உடைந்தால் அதுவும் நம்முடையது. இங்கிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல்.

யாராவது இப்படி அனுப்பித் திருத்தி எடுத்திருக்கிறீர்களா?

[நிறுவனத்தின் பெயரையும் காட்சியறையின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். திட்டுங்கள், பெயர் வேண்டாம். – மட்டுறுத்துநர்]

லிங்கநகர்ப்_பொடியன்:

அண்ணா, நான் ரிப்பேர் வேலைதான் செய்கிறேன். அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். திரைக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய றிபன்கள் ஒட்டியிருக்கும், படத்துக்கான சிக்னல் அவற்றின் வழியாகத்தான் போகிறது. சூட்டிலும் ஈரத்திலும் அந்த ஒட்டு விட்டால் கோடு விழும். கடலோரத்தில் இது இன்னும் கெதியாக நடக்கும். ஒட்டைச் சரிசெய்கிற மெஷின் இங்கே ஒருவரிடமும் இல்லை, அதனால் பனலையே, அதாவது முழுத் திரையையே, மாற்றச் சொல்வார்கள். பனலின் விலை கிட்டத்தட்ட ரிவியின் விலை. அந்தச் செலவைத் தாங்கள் ஏற்காமல் இருக்க ஒரு காரணம் தேடுவார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அனுப்புவதென்றால், அனுப்ப முன்னர் ரிவி ஓடுவதை வீடியோ எடுங்கள். நான்கு மூலையையும், பின்பக்கத்தையும், சீரியல் நம்பரையும் எடுங்கள். "வெளிக்காயம்" என்று ஒரு வரி எழுதினால் வாரண்டி போச்சு. அந்தக் காயம் லொறியில் வந்ததா வீட்டில் வந்ததா என்று பிறகு நிரூபிக்க ஏலாது.

கொம்யூனிகேஷன்_கடைக்காரர்:

உங்கள் ரிவி பழுதாகி நின்றது. என்னுடைய பிரிண்டர் பழுதாகாமலே நின்றது.

கடை வித்தியாலயம் வீதிப் பக்கம். சோதனைக் காலம், பிள்ளைகள் பாஸ் பேப்பர் (பழைய வினாத்தாள்) எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். திடீரென்று இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்னின. "மை உறிஞ்சும் பகுதியின் ஆயுள் முடிந்துவிட்டது, சேவை நிலையத்தை நாடவும்" என்று கணினியில் வருகிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த மெஷின்களின் அடியில் ஒரு பஞ்சு மெத்தை இருக்கும். மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழிகிற மையை அது குடிக்கும். மெத்தை உண்மையில் நிரம்பியதா என்று இந்த மொடல் பார்ப்பதில்லை. எத்தனை தடவை சுத்தம் செய்தது என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும், அந்தக் கணக்கு நூறு வீதத்தைத் தொட்டதும் மெஷின் பூட்டிக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தேன். மெத்தையின் ஒரு பக்கம் கறுப்பாக ஊறியிருக்கிறது, மறுபக்கம் இன்னும் வெள்ளை. கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். அப்படியும் ஓடாது, கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மென்பொருளைக் கம்பனி நமக்குத் தராது. இணையத்தில் யாரோ ஒருவன் ஒரு தடவைக்கு ஒரு சாவி இலக்கம் என்று விற்கிறான். ஊர் பேர் தெரியாத ஆளுக்குக் காசு அனுப்பி, என் மெஷினை எனக்கே திறந்து தா என்று கேட்டேன். திறந்து தந்தான். கம்பனியை விட அவன் பரவாயில்லை, மெசேஜ் போட்டால் பதில் வருகிறது.

வெட்டிப்பேச்சு:

அவனுக்கும் தமிழுக்கு மூன்றை அழுத்தினீங்களா?

மூதூர்_நானா:

சிரிப்பாக இருந்தாலும் உண்மை இதுதான். சாமான் விற்க ஆள் மூதூர் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வருவார். சிம் விற்க மரத்தடியில் குடை போட்டு உட்காருவார்கள். பிழை வந்தால் குடையும் இல்லை, ஆளும் இல்லை.

என்னுடைய கதை வேறு. மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது உம்மாவுக்கு ஒரு போன் கொண்டுவந்தார். புதுசு, பெட்டி உடைக்காதது. உம்மாவின் சிம்மைப் போட்டால் சிக்னல் இல்லை. விசாரித்தால், பதிவு செய்யாத போன் என்கிறார்கள். வாட்ஸ்அப் மட்டும் வைஃபையில் ஓடுகிறது. கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விட்டார், பாஸ்போர்ட்டும் அவரோடு போய்விட்டது. இது யாருடைய பிழை என்று யாராவது சொல்லுங்கள்.

லிங்கநகர்ப்_பொடியன்:

நானா, இதில் கம்பனியைத் திட்டிப் பலனில்லை. 2025 ஜனவரி 29 இலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கம்) உள்ள போன்களைத்தான் புதிதாக இணைக்கலாம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னர் இங்கே பாவனையில் இருந்த போனுக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து தனிப்பட்ட பாவனைக்குக் கொண்டுவந்ததைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது, ஆணைக்குழுவின் 1900 க்கு எடுத்துக் கேளுங்கள்.

இனிப் போன் வாங்குகிற எல்லாரும், காசு கொடுக்க முன்னர் கடையிலேயே *#06# அடித்து வருகிற 15 இலக்கத்தைக் குறியுங்கள். IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் எழுதி 1909 க்கு மெசேஜ் அனுப்பினால் பதிவானதா இல்லையா என்று பதில் வரும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மூதூர்_நானா:

1900 க்கு எடுக்கிறேன் தம்பி. ஆனால் பார், விமான நிலையத்தில் இதை ஒரு போர்ட்டில் பெரிதாகத் தமிழில் எழுதிப் போட்டிருந்தால் மச்சான் அங்கேயே கேட்டிருப்பார்.

உம்மா பழைய போனிலேயே இருக்கிறேன் என்றால் அதுவும் நடக்காது. அது ஆண்ட்ராய்டு 4.4. 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் அதை விட்டுவிட்டது. போனில் ஒரு கீறல் இல்லை, பற்றரி இரண்டு நாள் நிற்கிறது. பேரப்பிள்ளையின் முகம் மட்டும் தெரியாது.

கொம்யூனிகேஷன்_கடைக்காரர்:

இதே கதையோடு கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை, அநேகம் வயதானவர்கள். "தம்பி, போன் கெட்டுப் போச்சு, பார்" என்று தருவார்கள். கெட்டுப் போகவில்லை அம்மா, கைவிட்டுவிட்டார்கள் என்று எப்படி விளங்கப்படுத்துவது?

லிங்கநகர்ப்_பொடியன்:

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட போனுக்காக யாரும் செயலி எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது ஒளித்துச் செய்கிறபோதுதான். ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்தது. பற்றரி பழசானால் போன் திடீரென்று அணைந்துவிடும், அதைத் தடுக்கத்தான் என்பது அவர்கள் விளக்கம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். 2017 டிசம்பரில் ஆட்கள் கண்டுபிடித்த பிறகுதானே ஒத்துக்கொண்டார்கள்? பற்றரியை மாற்றினால் போதும் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் புதுப்போன் வாங்கியிருக்க மாட்டார்கள்! பிரான்ஸ் 2020 இல் 25 மில்லியன் யூரோ தண்டம் போட்டது. அமெரிக்காவில் வழக்கைத் தீர்க்க 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க இணங்கினார்கள். இங்கே பாவித்தவனுக்கு ஒரு சதமும் இல்லை.

ஐரோப்பாவில் 2027 பெப்ரவரியிலிருந்து பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடிய மாதிரிப் பற்றரி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. அவர்களுக்காகச் செய்கிற மொடல் இங்கேயும் வந்தால்தான் எங்களுக்கு விடிவு.

கச்சேரியடி:

கடற்கரைவீதியானுக்கு யாரும் இன்னும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இந்த மாதிரி முறைப்பாட்டுக் கோப்புகளைப் பார்த்த அனுபவம் உண்டு.

"கம்பனி வாரண்டி, எங்களுடையது இல்லை" என்று காட்சியறை சொன்னால் அத்தோடு திரும்பி வராதீர்கள். உங்களிடம் காசு வாங்கிப் பில் தந்தவர் அவர்தான். 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அது பிடிப்பது விற்றவரைத்தான்.

அடுத்தது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். தொலைபேசி 1977. மாவட்டச் செயலகத்திலும் அவர்களுடைய ஆட்கள் இருக்கிறார்கள், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வாரண்டிக்கு ஒத்துவராத பொருளைப் பற்றியும் முறைப்பாடு செய்யலாம் என்று 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அங்கேதான் ஒரு கொடுமை இருக்கிறது: முறைப்பாட்டை எழுத்தில், விற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷ வாரண்டி போட்டு விற்கிற நாட்டில் முறையிட மூன்று மாதம்! நாலாம் மாதம் கோடு விழுந்தால் என்ன செய்வது? சேவை என்றால் சேவை வழங்கி மூன்று மாதம் என்கிறது அதே பிரிவு. வாரண்டித் திருத்தத்தை மறுத்த திகதியிலிருந்து எண்ணும்படி கேட்டு எழுதிப் பாருங்கள். ஏற்பார்கள் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் கடிதம் ஒன்று போனால் காட்சியறையின் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

போன், இன்ரநெற் என்றால் முதலில் கம்பனியிடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கம் எடுங்கள், பிறகு 1900. இலக்கம் இல்லாமல் போனால் திருப்பி அங்கேயே அனுப்புவார்கள்.

கடற்கரைவீதியான்:

மிக்க நன்றி. பில் இருக்கிறது, ஆனால் அந்த மெழுகுத் தாளில் எழுத்து பாதி பறந்துவிட்டது. மூன்று வருஷ வாரண்டிக்கு மூன்று மாதம் நிற்காத பில்!

கொம்யூனிகேஷன்_கடைக்காரர்:

வாங்கிய அன்றைக்கே ஒரு போட்டோக் கொப்பி எடுங்கள். என் கடைக்கே வாருங்கள், பிரிண்டர் இப்போது ஓடுகிறது.

உப்புவெளி_அக்கா:

நீங்கள் எல்லாரும் வாங்குகிறவர்கள். நான் விற்கிறவள், ஆனால் என் நிலைமையும் இதேதான்.

வீட்டோடு மூன்று அறை வைத்து விடுதி நடத்துகிறேன். எங்கள் பக்கம் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை, பிறகு மழை, கடல் கொந்தளிப்பு, ஒருவரும் வரமாட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் உழைப்பதுதான் வருஷத்துக்கும். வெள்ளைக்காரர்கள் முழுக்க வெளிநாட்டு முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாகத்தான் வருகிறார்கள், அறை வாடகையில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதில் எனக்கு வழக்கில்லை, ஆள் அனுப்புகிறார்கள், எடுக்கட்டும்.

போன சீசன், ஆடி மாதம், அறை முழுக்க ஆள் இருக்கிற நேரத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். "பாதுகாப்புக் காரணங்களுக்காக" என்று ஒரு மெயில். என்ன காரணம் என்று கேட்டால் அதே மெயில் திரும்ப வருகிறது, கீழே ஒரு பெண்ணின் பெயர் மட்டும் மாறுகிறது. கதைக்க ஒரு நம்பர் இல்லை. விலாசத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். மின்சாரப் பில்லை அனுப்பினேன், பில்லில் இருக்கிற விலாசமும் அவர்கள் வரைபடத்தில் இருக்கிறதும் ஒன்றாக இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்குப் பெயரே இல்லை அம்மா, கோயிலடி ஒழுங்கை என்று நாங்களாகச் சொல்வதுதான் என்று யாருக்குச் சொல்வது? கிராம சேவகரின் கடிதத்தை மொழிபெயர்த்து அனுப்பிய பிறகு, எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு நாள் திறந்துவிட்டார்கள். அதற்குள் ஆவணி பாதி.

அந்த ஆடி மாதத்துக்கு யாரிடம் கேட்பது? கச்சேரியடி ஐயா, உங்கள் 1977 இதற்கு வேலை செய்யுமா?

கச்சேரியடி:

கஷ்டம் அக்கா. நிறுவனம் வெளிநாட்டில், ஒப்பந்தமும் அந்த நாட்டுச் சட்டத்தின்படி. "ஏற்கிறேன்" என்று அழுத்திய பக்கத்தில் அதுவும் எழுதியிருக்கும். வந்து போனவர்களின் நம்பர்களை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த முறை நேராக உங்களுக்கே எடுக்கட்டும்.

பழைய_வானொலி:

பொருளைப் பற்றி நிறையக் கதைத்துவிட்டீர்கள். செய்தியும் நாங்கள் டேட்டாவுக்குக் காசு கட்டி வாங்குகிற பொருள்தானே? அதைப் பற்றி யாரும் முறையிடுவதாகக் காணோம்.

எனக்கு எரிச்சல் தருவது ஒரு கேள்விக்குறி. "திருகோணமலையை நோக்கிச் சுனாமியா?" "கிழக்கைத் தாக்கப் போகிறதா பெரும் புயல்?" திறந்து உள்ளே போனால், சுமாத்திராவில் ஒரு நிலநடுக்கம், இலங்கைக்கு ஆபத்து இல்லை என்று கடைசி வரியில். அதற்குமுன் நாலு விளம்பரம், கிட்டிணி சுத்தமாக ஒரு இலை, வழுக்கைக்கு ஒரு எண்ணெய்.

கொழும்பில் இருப்பவனுக்கு அது ஒரு தலைப்பு. எங்களுக்கு அப்படியில்லை. 2004 மார்கழியில் இந்தக் கரையில் எத்தனை வீடு பிணம் தூக்கியது என்று இங்கே எழுதத் தேவையில்லை. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது உண்மையாகவே எச்சரிக்கை விடுத்தார்கள், சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அலை வரவில்லை, ஆனால் ஓடியது சரி. அப்படி ஓட வேண்டிய சனத்தைக் கேள்விக்குறி போட்டு வாரத்துக்கு ஒரு தடவை பயங்காட்டினால், உண்மையான நாளில் யார் எழும்புவார்கள்? புலி வருது கதைதான்.

என் வீட்டுக்காரி ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு, இரவு நகைகளையும் அடையாள அட்டைகளையும் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்தாள். ஏன் என்று கேட்டால், "பேஸ்புக்கில போட்டிருக்கினம்" என்றாள். போட்டவன் தூங்கியிருப்பான்.

ஜெர்மன் வானொலி ஆசியா முழுக்கக் கேட்க மறு ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்த மாவட்டம் இது. அந்த மண்ணில் சொந்த ஊர்ச் செய்தியைச் சரியாகச் சொல்ல ஒரு குரல் இல்லை.

சாம்பல்தீவு_சந்தி:

ஐயா, நான் அப்படி ஒரு செய்திப் பக்கத்துக்குக் கொஞ்சக் காலம் வேலை செய்தவன். பெயர் வேண்டாம். எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

திருகோணமலையில் நிருபர் என்று ஒருவரும் கிடையாது. வேறொரு பத்திரிகையில் வந்த நாலு வரியை எடுத்து, தலைப்பை மட்டும் புதிதாக எழுதுவோம். விளம்பரக் காசு எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து வருகிறது, எத்தனை பேர் முடிவு வரை வாசித்தார்கள் என்பதை எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேள்விக்குறி ஏன் என்றால், பொய் சொன்னதாக யாரும் பிடிக்க முடியாது, "நாங்கள் கேட்டோம், சொல்லவில்லை" என்று தப்பலாம். படம் எங்கிருந்தாவது எடுப்போம். கிண்ணியாவில் விபத்து என்ற செய்திக்கு இந்திய நெடுஞ்சாலைப் படம் போட்டு, பின்னால் தெரிந்த ஹிந்திப் பலகையை அழித்த நாளும் உண்டு. எடிட்டர் இருப்பது இங்கேயில்லை, வெளிநாட்டில். நேர வித்தியாசத்தால் எங்கள் நடுச்சாமத்தில் அவருக்கு உசார் வரும்.

லிங்கநகர்ப்_பொடியன்:

சனமும் அதைத்தானே திறக்கிறது? ஒழுங்கான செய்திக்கு இருபது பார்வை, "பரபரப்பு" என்று போட்டால் இருபதாயிரம்.

பழைய_வானொலி:

தம்பி, வீட்டுக்கு நெருப்பு என்று கத்தினால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? திரும்பிப் பார்த்தவனின் பிழை என்கிறீர்களா?

லிங்கநகர்ப்_பொடியன்:

அதுவும் சரிதான் ஐயா.

கச்சேரியடி:

பத்திரிகை பற்றி முறையிட 2003 இலிருந்து இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, ஆசிரியர்களும் உரிமையாளர்களும் தாங்களாக ஏற்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து நடக்கிற முகவரியில்லாப் பக்கத்துக்கு அது செல்லாது. இதையெல்லாம் அடக்கத்தான் 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டுவந்தோம் என்பார்கள். அரசாங்கத்தின் கையில் அந்தக் கோலைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. 2019 இல் குண்டு வெடித்தபோதும், 2022 ஏப்ரலில் சனம் வீதிக்கு இறங்கியபோதும் சமூக வலைத்தளங்களை ஒரேயடியாக மூடினார்கள். வதந்தியோடு சேர்த்து, பிள்ளை பத்திரமா என்று கேட்கிற வழியும் மூடிப்போனது.

வெட்டிப்பேச்சு:

2022 இல் எங்கள் அப்பாவே தடையைத் தாண்ட விபிஎன் போடப் பழகிவிட்டார். ரிமோட்டில் சத்தம் குறைக்க இன்னும் தெரியாது.

பழைய_வானொலி:

புயல், கடல் என்றால் நான் இரண்டு இடத்தைத்தான் பார்க்கிறேன்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. அறிக்கையின் தமிழ்ப் பிரதி சில நேரம் பிந்தித்தான் வரும், அது இன்னொரு வயிற்றெரிச்சல். வீட்டில் பற்றரியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்றும் வைத்திருக்கிறேன். 1964 மார்கழிப் புயலை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன், கரண்ட் நின்றால் டவரும் நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிலாவெளிப்_புதியவன்:

எல்லாம் வாசித்தேன், வந்தது வேறு கேள்வியோடு. இடம் மாறி நிலாவெளிக்கு வந்திருக்கிறோம். வீட்டு இன்ரநெற்றுக்கு எதை எடுப்பது? "எல்லையற்ற" என்று ஒரு பக்கேஜ் காட்டினார்கள், நல்லதா?

லிங்கநகர்ப்_பொடியன்:

ஒரு அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைப்பார்கள், அந்த அளவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரவுட்டரை வாங்க முன்னர் பக்கத்து வீட்டில் எது ஓடுகிறதென்று இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் எல்லாம் பறக்கும்.

உப்புவெளி_அக்கா:

எந்தப் பக்கம் தம்பி, கடற்கரையா, பிரதான வீதியா? கடற்கரைப் பக்கம் என்றால் என் தங்கச்சி வீடு அங்கேதான். போய் உங்கள் போனைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்லி வைக்கிறேன்.